புதுப்பிப்பு: ஒற்றை நிலை பிரஸ்ஸும் பித்தளைக் கூடுகளும்

சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை வீட்டில் மறுநிரப்பத் தொடங்குபவருக்கு ஒற்றை நிலை பிரஸ் (ஓர் இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் அழுத்துக் கருவி) போதுமா, ஒரே இழுப்பில் பல வேலைகளைச் செய்யும் புரோகிரெசிவ் பிரஸ் வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஒற்றை நிலையையே தேர்ந்தெடுத்தேன். வேகம் குறைவுதான், ஆனால் ஒரு நேரத்தில் ஒரே வேலை நடப்பதால் ஒவ்வொரு கூட்டையும் கண்ணால் பார்த்தே கடக்க முடிகிறது.

நேரத்தை விழுங்குவது கூடுகளைத் தயாரிப்பதுதான். டையில் (கூட்டுக்கு வடிவம் தரும் அச்சில்) அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும்போது கூடு நீள்வதால், அதன் நீளத்தை அதற்குப் பிறகே காலிப்பரால் அளக்க வேண்டும்; .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவின் கூட்டுக்கு உச்ச நீளம் 51.18 மி.மீ., வெட்டிக் குறைக்கும் அளவு 50.93 மி.மீ. மசகு தடவாமல் அழுத்தினால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும் (மிகக் கடினமான கார்பைடு டையில் அழுத்தும் நேர்ச்சுவர் கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை). அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளிச்சென்ற வளையம் தெரிந்தால், அங்கே சுவர் மெலிந்து கூடு பிளக்கக்கூடும் என்பதால், நுனி வளைத்த கம்பியால் உட்புறத்தைத் தடவிப் பார்த்து, பள்ளம் தட்டுப்படும் கூட்டைத் தயங்காமல் ஒதுக்கிவிடுகிறேன்.