48 கிலோ பாக்சர்களே, தராசு ஏறிய கதையைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். ராயபுரத்துக்காரன். 2003, 2004-இல் 48 கிலோ எடைப் பிரிவில் ஆடினேன். மாநிலப் போட்டியைத் தாண்டியதில்லை. சும்மா இருக்கும்போது எடை 52. ‘அடுத்த பிரிவு 51, அதுலயே ஆடலாமே’ என்பார்கள். ஆடலாம்தான். ஆனால் அங்கே எதிரில் நிற்பவன் 55-இலிருந்து இறங்கி வந்தவனாக இருப்பான். அவன் கை என் மூக்குக்கு வரும், என் கை அவன் கிளவுஸைத் தாண்டாது.

போட்டிக்கு முந்தின நாள் மாலை மழைக்கோட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓட்டம். தண்ணீர் கிடையாது, வாய் கொப்பளித்துத் துப்பலாம், அவ்வளவுதான். எச்சிலும் வற்றிய பிறகு மாஸ்டர் ஒரு நெல்லிக்காயைக் கொடுத்து, மென்று மென்று துப்பச் சொன்னார். புளிப்புக்கு ஊறும், அதுவும் எடைதானே! காலையில் 48.2. இருவர் துண்டைப் பிடிக்க, ஜட்டியையும் கழற்றிவிட்டு ஏறினேன். 48.1. மாடிப்படியில் இருபது தடவை ஏறி இறங்கி வந்த பிறகுதான் முள் 48-இல் நின்றது.

அன்று மாலை ஜெயித்துவிட்டேன். வம்பு அங்கேதான். அமெச்சூரில் சண்டை உள்ள ஒவ்வொரு நாள் காலையும் எடை பார்ப்பார்கள். கூட வந்தவர்கள் பிரியாணிப் பொட்டலம் பிரிக்க, நான் அரை டம்ளர் குளுக்கோஸோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். மறுநாள் இரண்டாவது ரவுண்டில் கால் பஞ்சாகிவிட்டது. புள்ளியில் தோல்வி. வெளியே வந்து முதலில் தேடியது பிரியாணியைத்தான்.

*

நெல்லிக்காய் மேட்டர் புதுசு அண்ணே, எங்களுக்குப் புளிப்பு மிட்டாய்! ஆனால் நீங்கள் இறங்கிப் போகவாவது ஓர் எடை இருந்தது. அது பிறகு 49 ஆகி, டோக்கியோ ஒலிம்பிக்கில் காணாமலே போனது. அங்கே ஆண்களுக்கு 52-இல்தான் தொடங்கியது. என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் சாப்பிட்டாலும் 50-ஐத் தாண்டமாட்டான். சேதி தெரிந்த அன்று கைக்கட்டைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தான்.

நம்ம இந்திய பாக்சர் அமித் பங்காலைக் காட்டித்தான் தேற்றினேன். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டி இறுதியில் ரியோ ஒலிம்பிக் சாம்பியன், உஸ்பெகிஸ்தானின் துஸ்மதோவை 3-2 என்று அடித்தது 49-இல். மறுவருடம் 52-க்கு ஏறி உலகப் போட்டியில் வெள்ளி. ஆனால் டோக்கியோவில் முதல் சண்டையிலேயே கொலம்பியாவின் மார்ட்டினெஸிடம் தோற்றுவிட்டார். ‘பெரிய ஆள் அடிச்சிட்டான்’ என்றும் சொல்ல முடியாது. அவரும் ரியோவில் 49-இல் வெள்ளி வாங்கியவர்தான். துஸ்மதோவோ பாரிஸில் 51-இல் தங்கம் வாங்கிவிட்டார். இதையெல்லாம் சொன்னேன். பையன், ‘அவங்களுக்கு ரெண்டு கிலோ ஏறுது சார், எனக்கு ஏறலையே’ என்றான். என்ன பதில் சொல்ல?

*

நான் ஆடியதில்லை, என் தம்பி ஆடினான். மேரி கோம் 2018-இல் போலந்தில் இறங்கியபோது இரண்டு கிலோ கூடுதலாம். ஒரு மணி நேரம் ஸ்கிப்பிங் ஆடியே குறைத்தார் என்று படித்துவிட்டு, தம்பியும் நடுராத்திரியில் கயிற்றை எடுத்துவிட்டான். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார்.

போட்டி வாரத்தில் அம்மா வீட்டில் மீன் வறுக்கமாட்டார். ஒரு தடவை மறந்துபோய் வஞ்சிரத்தைச் சட்டியில் போட்டுவிட்டார். தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். அன்று நாங்களும் ரசச் சோறுதான் சாப்பிட்டோம். மீன் பக்கத்து வீட்டுக்குப் போனது.