டிரெய்லரோடு மேட்டில் ஏறும்போது டீசல் அழுத்தம் 4 பி.எஸ்.ஐ.க்கு இறங்குகிறது, உதவி தேவை

டென்வர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். என் வண்டி 2001 டாட்ஜ் ராம் 2500. 5.9 லிட்டர், 24 வால்வு கம்மின்ஸ் இன்ஜின், பாஷ் விபி44 இஞ்செக்ஷன் பம்ப் (டீசலை உயர் அழுத்தத்தில் இன்ஜினுக்குள் பீய்ச்சுவதற்கான பம்ப்). சுமார் 3,200 கிலோ எடையுள்ள டிரெய்லர் வீட்டை இழுக்கிறேன். இந்த மாடலில் டீசல் அழுத்தம் காட்டும் மீட்டர் கிடையாது என்பதால் தனியாக ஒன்று பொருத்தியிருக்கிறேன்.

ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) 13 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) இருக்கிறது. வெறும் வண்டியாகச் சமதளத்தில் ஓட்டினால் 11. கொலராடோ மலைகளில் ஐ-70 சாலையில் சில்வர்தார்னிலிருந்து ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை நோக்கி டிரெய்லரோடு ஏறும்போது முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 4-இல் நிற்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் மேலே வந்துவிடுகிறது.

இழுவை குறையவில்லை, கம்ப்யூட்டரில் பிழைக் கோடு (code) எதுவும் வரவில்லை. ஃபில்டர் புதியது. ஒரு பணிமனையில் காட்டியதற்கு, லிஃப்ட் பம்ப் (டாங்கியிலிருந்து டீசலை விபி44-க்கு அனுப்புவது), விபி44 இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் குடும்பத்தோடு மோவாப் போகிறோம். போகும்போதும் வரும்போதும் அந்தச் சுரங்கத்தைத் தாண்டியாக வேண்டும். உண்மையிலேயே இரண்டையும் மாற்ற வேண்டுமா?

நாமக்கல் பம்ப்காரர்:
தம்பி, காரணம் தெரியும்வரை டிரெய்லரை மாட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஊரில் லாரிகளின் இன்லைன் பம்புகளைப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றவன் நான். அவற்றின் கேம் ஷாஃப்ட் இன்ஜின் ஆயிலில் ஓடும். உங்களுடையதற்கு முந்தைய 12 வால்வு ராமில், 1998 நடுப்பகுதிவரை வந்த பி7100 பம்பும் அந்த இனம்தான். டீசல் வரத்து குறைந்தால் வண்டி இழுக்காது, ஆனால் பம்ப் தப்பித்துவிடும். விபி44 அப்படி இல்லை. அதற்கு மசகும் டீசல்தான், சூட்டைத் தணிப்பதும் டீசல்தான். இன்ஜின் எரிப்பதைவிட அதிக டீசல் பம்புக்குள் வந்து, மிச்சம் டாங்கிக்குத் திரும்ப வேண்டும். அந்த ஓட்டம் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. முழுச் சுமையில் மேடு ஏறும்போதுதான் பம்புக்கு அது அதிகம் தேவை. உங்கள் வண்டியில் அதே நேரத்தில்தான் வரத்து மெலிகிறது.

சுமையோடு போகும்போது 10க்குக் கீழே இறங்கக் கூடாது. 5க்குக் கீழே ஓட்டினால் பம்பின் ஆயுளைத் தின்கிறீர்கள் என்று பொருள். ஐடிலில் இருக்கும் 13-ஐ வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அப்போது இன்ஜின் கேட்பது மிகக் கொஞ்சம்.

விபி44-ஐ இப்போதைக்குத் தொட வேண்டாம். அது போயிருந்தால் பி0216 கோடு வருவதுண்டு, சூடான இன்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் சில நொடிகள் அசைவே இருக்காது. உங்களுக்கு இவை எதுவும் இல்லை. அதற்காக நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள், கோடு வருவதற்குள் உள்ளே தேய்மானம் முற்றியிருக்கும். வரத்தைச் சரிசெய்யாமல் புதிய விபி44 வாங்கி மாட்டினால் அதுவும் இதே வழியில் போகும். பணிமனைக்காரர்கள் வரத்தை அளந்து பார்த்தார்களா? மீட்டரை எந்த இடத்தில் இணைத்திருக்கிறீர்கள்?

டென்வர்வாசி:
நன்றி அண்ணா. அளக்கவில்லை, மீட்டரை மட்டும்தான் பார்த்தார்கள். மீட்டர் ஃபில்டருக்குப் பிறகு, விபி44-க்குள் நுழையும் இடத்தில் இருக்கிறது. துளையிட்ட பேஞ்சோ போல்ட் (உள்ளே டீசல் ஓடும், குழாயை இணைக்கும் போல்ட்), அதிலிருந்து ஊசி வால்வு, பிறகு ஹோஸ், அதன் முனையில் எலெக்ட்ரிக் சென்சார்.

ஆல்பர்ட்டா ஓட்டுநர்:
சரியான இடம். அந்த ஊசி வால்வை ஏறக்குறைய மூடிய நிலையில், முள் நடுங்காத அளவுக்கு மட்டும் திறந்து வையுங்கள். விபி44 உண்டாக்கும் அதிர்வு சென்சாரைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

இனி அளவு எடுங்கள். விபி44-க்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் விடுங்கள். சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் தொட்டு, இன்ஜின் ஓடுவதற்குள் ஆன் நிலைக்கு விட்டுவிட்டால் லிஃப்ட் பம்ப் சுமார் 25 நொடி தானாக ஓடும். அதில் 10 நொடிக்கு எவ்வளவு டீசல் வருகிறது என்று பாருங்கள். 1.3 லிட்டர் வர வேண்டும். குறைந்தால் உடனே லிஃப்ட் பம்ப் மேல் பழி போடாதீர்கள். டாங்கியிலிருந்து வரும் குழாயைப் பம்பின் வாயிலிருந்து விலக்கிவிட்டு, சுத்தமான டீசல் கேனிலிருந்து குட்டையான, கண்ணாடி போன்ற ஹோஸ் ஒன்றைப் போட்டு மறுபடி அளக்க வேண்டும். கேனிலிருந்து நன்றாக வந்தால் பம்ப் நல்ல பம்ப், கோளாறு உறிஞ்சும் பக்கம்.

உங்கள் மாடலில் லிஃப்ட் பம்ப் இன்ஜின் பிளாக்கில் இருக்கிறது. டாங்கியிலிருந்து அதுவரை டீசலை உறிஞ்ச வேண்டும். வழியில் எங்கே சிறு விரிசல் இருந்தாலும் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியாது. அதனால்தான் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பம்பின் வயரில் ஓடும் நிலையில் வோல்டேஜையும் பார்த்துவிடுங்கள்.

டென்வர்வாசி:
அளந்துவிட்டேன். டாங்கியிலிருந்து 10 நொடிக்கு 0.8 லிட்டர். கேனிலிருந்து 1.4 லிட்டர்! டாங்கிக் குழாயின் நடுவில் கண்ணாடி ஹோஸைப் போட்டுப் பார்த்தால் கடுகளவு குமிழிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன.

டாங்கியை இறக்கினேன். அதன் மேல் இருந்த குட்டை ரப்பர் ஹோஸ் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. கிளாம்பைத் தளர்த்தி விரலால் வளைத்தபோது, கிளாம்ப் அழுத்தியிருந்த கோட்டிலேயே வெடிப்புகள் வாயைத் திறந்தன. வயதான ரப்பர். அதை மாற்றி, டாங்கிக்குள் இருந்த வடிகட்டியையும் கழுவிப் பொருத்தினேன். இப்போது ஐடிலில் 14. டிரெய்லரோடு அதே மேட்டில் 8. இது போதுமா?

நாமக்கல் பம்ப்காரர்:
நோயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் 8 போதாது. வெறும் வண்டிக்கு இது ஓடும். 3,200 கிலோவை 3,400 மீட்டர் உயரத்துக்கு இழுக்கிறவருக்கு நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபில்டர் கொஞ்சம் அடைத்தாலே மறுபடி 5க்கு வந்துவிடும். இப்போது லிஃப்ட் பம்ப் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

ஆல்பர்ட்டா ஓட்டுநர்:
ஆமாம், ஆனால் பழைய இடத்திலேயே அதே வகைப் பம்ப் வேண்டாம். டாங்கிக்கு அருகே சேஸிஸில் பொருத்தும் பம்பாக வாங்குங்கள்; உறிஞ்சும் தூரம் குறைந்து, தள்ளும் தூரம் கூடும். குறுகலான பேஞ்சோ போல்ட்டுகளையும் அப்போதே அகலமானவையாக மாற்றிவிடலாம். டாங்கிக்குள் போடும் பம்பும் உண்டு, சிலர் பரிந்துரைப்பார்கள். வழியில் நின்றுபோனால் டாங்கியை இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்பதால் எனக்கு அதில் விருப்பம் இல்லை.

டென்வர்வாசி:
சேஸிஸ் பம்ப் வாங்கிவிடுகிறேன். பழைய பம்பின் வயரையே நீட்டி இணைக்கலாமா? அழுத்தத்தை 25 வரை ஏற்றிக்கொள்ளலாமா?

நாமக்கல் பம்ப்காரர்:
இரண்டும் வேண்டாம் தம்பி. அந்த வயர் இன்ஜின் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது, பெரிய பம்பின் கரண்டை அதில் இழுக்கக் கூடாது. அதை ரிலேயை (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) தட்டிவிட மட்டும் பயன்படுத்துங்கள். பம்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து, ஃபியூஸ் வழியாகத் தனியாக வரட்டும். அழுத்தத்தை ஐடிலில் 15 முதல் 18க்குள் வையுங்கள். 20-ஐத் தாண்டினால் ஸ்டார்ட் ஆவதில் தொல்லை தொடங்கும்.

செலவோடு செலவாக, 10க்குக் கீழே போனால் எரியும் ஒரு விளக்கையும் டாஷ்போர்டில் வைத்துவிடுங்கள். டிரெய்லரோடு மலையில் போகிறவருக்கு மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது.