ரசீதில் கழிந்ததும் கழியாததும்

மார்த்தாண்டத்திலிருந்து:

சென்ற ஜூலையில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய ஆடிட்டர் அலுவலகம் போயிருந்தேன். மகளின் பள்ளி ரசீதுகளை வாங்கிய ஊழியப் பெண், வேன் கட்டணத்தைச் சிவப்பு மையால் அடித்தார். வளர்ச்சி நிதியையும் அடித்தார். "80சி-யில் டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் சார் வரும்." சில செலவுகளையும் சேமிப்புகளையும் வருமானத்தில் கழிக்கவிடும் வரிச் சட்டப் பிரிவு அது. மிச்சம் நின்றது 40,000 ரூபாய். நான் பழைய வரி முறையில் 20 சதவீதம் கட்டுகிறவன். வரிமேல் விழும் செஸ் உட்பட 8,320 ரூபாய் வரி குறைந்தது.

பக்கத்து நாற்காலியில் பான் கார்டு திருத்தத்துக்கு வந்த ஒருவர். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்; நகக்கண்ணில் பால் காய்ந்து கறுத்திருந்தது. அவர் மகனுக்கும் அதே பள்ளி, அதே கட்டணம். "எனக்கும் இதில் கழியுமா?" என்று கேட்டார்.

"வருமான வரி கட்டினால்தானே அண்ணா கழிக்க முடியும்?" என்றார் ஊழியப் பெண்.

தலையாட்டிவிட்டு ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தார். மழையில் வெட்டு நின்றால் வட்டிக்கு வாங்கித்தான் கட்டுகிறாராம். அவர் வாங்கும் சோப்பிலும் ஜிஎஸ்டி போகிறது, அவரும் வரி கொடுப்பவர்தான். எனக்கு விட்டுக்கொடுத்த பணம் அவர் ஊர் அரசுப் பள்ளிக்குப் போயிருந்தால் அவர் கடனே வாங்கியிருக்க மாட்டார் என்று அன்று முதல் உறுத்துகிறது.

தக்கலையிலிருந்து:

உங்கள் உறுத்தல் புரிகிறது. ஆனால் நான் முதலில் ஏறியது அரசுப் பள்ளிப் படிதான். 5 வகுப்புக்கு 2 ஆசிரியர்கள். மனமில்லாமல்தான் தனியாருக்குப் போனேன். வரி, அதன்மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ், பிறகு பள்ளிக் கட்டணம். புதிய வரி முறைக்கு மாறியதும் 80சி-யும் போயிற்று. சலுகை வேண்டாம், அந்த 5 வகுப்புக்கும் 5 ஆசிரியர்களைக் கொடுங்கள். நாளையே பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து:

அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்தவள் நான். நம் மண் திருவிதாங்கூரில் இருந்தபோதே, 1817-இல், மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் ஆணையிட்டார். அந்த அரசுப் பள்ளிப் படியை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் மிதிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின என்பதையும் மறக்கக் கூடாது.

என் பள்ளியில் ஒரு சிறுமி. அம்மாவுக்கு அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில் வேலை, விடியும் முன்பே கிளம்பிவிடுவாள். பிள்ளை வெறும் கட்டன் சாயா (பால் இல்லாத தேநீர்) குடித்துவிட்டு வந்து இரண்டாம் பாடவேளையில் மேசைமேல் சாய்ந்துவிடும். 2023 ஆகஸ்டில் அரசின் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. அதன்பிறகு கேட் திறக்கும் முன்பே தட்டோடு நிற்பாள். அடுத்த ஜூனில், ஆங்கிலப் பள்ளியில் படித்த தம்பியையும் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். பாக்கிக் கட்டணம் கட்டாததால் மாற்றுச் சான்றிதழ் தர மறுத்துவிட்டார்களாம். அது இல்லையென்று சேர்க்கையைத் தடுக்கக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். பதிவேட்டை எடுத்து அன்றே அவன் பெயரை எழுதினேன்.