பட்டை வெடித்த செர்ரி மரத்தைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். பூவுக்காகவே நான் வைத்த செர்ரி மரத்துக்கு இது மூன்றாவது குளிர்காலம். பனி உருகியதும் பார்த்தால், அடிமரத்தின் தென்மேற்குப் பக்கம் பட்டை ஒரு முழ நீளத்துக்கு வெடித்திருக்கிறது. பகல் வெயிலில் சூடேறிய பட்டை இரவில் சட்டென்று உறைந்தால் இப்படி ஆகுமாம். இலையுதிர் காலத்திலேயே வெள்ளை உறை சுற்றியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

ஈரம் உள்ளே தங்கி அழுகிவிடும் என்பதால் காயத்துக்கு எதுவும் பூசவில்லை. கிளையை நகத்தால் கீறினால் பச்சை தெரிகிறது, மொட்டும் இருக்கிறது. அதுதான் நம்பிக்கை.

தளர்ந்த பட்டையின் ஓரத்தை இப்போதே சீவிவிடலாமா, கோடை வரை பொறுக்கலாமா? அப்புறம், மொட்டு விரியும்போது மறுபடி உறைபனி விழுந்தால் ஆளுயரத்தைத் தாண்டிய மரத்தை எப்படி மூடுவது? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.