எல்லேயில் கடைக்கோடியில் நிற்கிற மகனுக்குச் சொல்ல ஒரு பேஸ்போல் வீரர் கதை வேண்டும்

நிலாவெளி_தகப்பன்:
மகன் பள்ளிக்கூட எல்லே (பேஸ்போல் மாதிரி, பந்தைத் தடியால் அடித்து ஓடுகிற எங்கட நாட்டு ஆட்டம்) அணியில் இருக்கிறான். அவனை எப்பவும் மைதானத்தின் கடைசியில்தான் நிறுத்துகிறார்கள். அடிக்கத் தெரியாதவனைத்தான் அங்கே விடுவார்கள் என்று கூடப் படிக்கிற பெடியள் சொல்லிவிட்டார்களாம், முகம் வாடிப்போய்த் திரிகிறான். பேஸ்போலில் அந்த இடத்தில் நின்றே பெரிய ஆளாக வந்தவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டேன். யாராவது ஒருவரைப் பற்றி விளக்கமாகச் சொல்லுங்கோ.

உவர்மலை_எல்லே:
அண்ணா, ரொபேர்ட்டோ கிளெமென்டேயைச் சொல்லுங்கோ. 1934 இல் புவேர்ட்டோ ரிக்கோவில் கரோலினா என்ற ஊரில் பிறந்தவர், தகப்பனுக்குக் கரும்புத் தோட்டத்தில் கங்காணி வேலை. பள்ளிக்கூடத்தில் ஈட்டி எறிந்த கை. 1955 முதல் 1972 வரை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு வலதுபக்க வெளிக்களத்தில், அதாவது அடிக்கிறவனுக்குத் தூரத்தில் மைதானத்தின் வலது கடைசியில், நின்றார்.

அந்த இடம் ஏன் முக்கியம் என்பதையும் மகனுக்கு விளங்கப்படுத்துங்கோ. பேஸ் என்றால் அடித்தவன் ஒவ்வொன்றாகத் தொட்டு ஓட வேண்டிய இடம். வலதுபக்க மூலையிலிருந்து மூன்றாம் பேஸ்தான் ஆகத் தூரம், அதனால் பந்து அந்தப் பக்கம் போனால் முதலாம் பேஸில் நிற்கிறவன் ஒரே ஓட்டமாக மூன்றாவதுக்குப் போகப் பார்ப்பான். கிளெமென்டே அங்கிருந்து நேராக எறிந்து அவனை அவுட்டாக்குவார். போகப்போக, அவரிடம் பந்து போனாலே பலர் இரண்டாவதோடு நின்றுவிட்டார்கள், அந்தப் பயம் எந்த ஸ்கோர் அட்டையிலும் வராது, ஆனால் ஆட்டத்தையே மாற்றும். தடுப்பாட்டத்துக்கான கோல்ட் குளோவ் விருது 12 தரம் கிடைத்தது.

கிண்ணியா_ரசிகன்:
அடிக்கத் தெரியாதவன் என்ற கதைக்கும் பதில் இருக்கிறது. துடுப்பாட்ட சராசரியில் லீக்கிலேயே 4 தரம் முதலிடம், 1966 இல் லீக்கின் சிறந்த வீரர். 1954 கடைசியில் குடித்துவிட்டு ஓட்டியவனின் கார் மோதி முதுகெலும்பு பாதிக்கப்பட்டது, பிறகு ஒவ்வொரு தரமும் அடிக்க வரும்போது கழுத்தை இப்படியும் அப்படியும் சுழற்றி நெளித்துவிட்டுத்தான் நிற்பார். வலி என்று அவர் சொன்னால் நடிக்கிறார் என்று எழுதிய பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள். ரொபேர்ட்டோ என்ற பெயரையே விட்டுவிட்டு பாப் என்று எழுதினார்கள். இதை வாசிக்கும்போது எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். 1971 உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்போலின் இறுதிப் போட்டித் தொடர்) ஏழு ஆட்டத்திலும் அடித்து, சிறந்த வீரராகி, அணியையும் வெல்லவைத்தார்.

திருக்கடலூர்_வாசகி:
முடிவையும் மறைக்காமல் சொல்லுங்கோ, பிள்ளைக்கு விளங்கும். 1972 செப்டெம்பர் 30 அன்று தன் 3,000 ஆவது ஹிட்டை (அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸைப் பிடிப்பது) அடித்தார். டிசம்பர் 23 அன்று நிக்கராகுவாவின் மனாகுவாவில் நிலநடுக்கம். அவர் நிவாரணச் சாமான் சேர்த்து அனுப்பினார், அது அங்கிருந்த அரசுப் படையினர் கையில் சிக்கி சனத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டதும், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று 31 ஆம் திகதி இரவு புறப்பட்டார். அளவுக்கு மிஞ்சி ஏற்றிய பழைய விமானம், கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கடலில் விழுந்தது. வயது 38. உடல் கிடைக்கவேயில்லை. கூட ஆடிய மேனி சங்கியென் நினைவு ஆராதனைக்குக்கூடப் போகாமல், சுழியோடிகளோடு சேர்ந்து கடலுக்குள் இறங்கித் தேடினார்.

சுனாமிக்குப் பிறகு முகாமில் சாமானுக்கு வரிசையில் நின்ற எங்களுக்கு, ஒருவர் ஏன் தானே கூடப் போக நினைத்தார் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

நிலாவெளி_தகப்பன்:
எல்லோருக்கும் நன்றி. அவன் எறிகிற பந்து பாதி வழியில் உயர்ந்து பறந்து நேரம் போய்விடுகிறது, அதற்கு என்ன செய்யலாம்?

உவர்மலை_எல்லே:
தாழ்வாக எறியச் சொல்லுங்கோ, ஒருதரம் நிலத்தில் குத்திப் போனாலும் சரி, மேலே போகிற பந்தைவிட வேகமாய்ப் போய்ச் சேரும். பந்தை எடுக்கும்போதே ஓடிவந்த வேகத்தில் ஒரு எட்டு முன்னுக்கு வைத்து எறிய வேண்டும், நின்று எறிந்தால் தோள்தான் நோகும். சனிக்கிழமை பின்னேரம் ஏகாம்பரம் மைதானத்துக்குக் கூட்டிவாங்கோ, நானும் வருகிறேன்.