வயலில் கல் தளம் போடக் கவுன்சில் அனுமதி வேண்டுமா? (இங்கிலாந்து)

படலைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். எசெக்ஸில் எங்களுக்கு 7 ஏக்கர் காணி இருக்கிறது. செம்மறி வளர்க்கிறோம். ஒரு பக்கம் பொலிதீன் கூடாரத்தில் கீரையும் பச்சை மிளகாயும் போட்டு லண்டன் தமிழ்க் கடைகளுக்குக் கொடுக்கிறோம்.

முழுக்கக் களிமண். நவம்பர் பிறந்தால் படலையடியில் உழவு இயந்திரத்தின் சில்லு பாதிக்கு மேல் புதைந்துவிடும். வைக்கோல் கொண்டுவருகிற லொறி உள்ளே வராமல் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போகிறது. அதனால் படலைக்குள் நுழைந்த உடனேயே 20 மீட்டருக்கு 15 மீட்டர் கல் கொட்டி இறுக்கிய தளம், இங்கே ஹார்ட்ஸ்டாண்டிங் என்கிறார்களே அது, போட நினைக்கிறோம்.

பக்கத்துக் காணிக்காரர் பிளானிங் அனுமதி இல்லாமல் கைவைக்காதே என்கிறார். வேலைக்கு வருபவரோ விவசாயக் காணிக்கு ஒன்றும் தேவையில்லை என்கிறார். எது சரி? வீடு இடித்த கல்லை ஒருவர் இலவசமாகத் தருகிறாராம், எடுக்கலாமா? மச்சானும் தன் கேட்டரிங் வான் இரண்டை அங்கே விடலாமா என்று கேட்கிறார்.

வரைபடம்:
இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. இங்கிலாந்தில் சில வேலைகளைத் தனி விண்ணப்பம் இல்லாமலே செய்ய விடுகிற 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணையில் 6ஆம் பகுதி விவசாயத்துக்கானது. 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் என்றால் ஏ வகுப்பு, 0.4 முதல் 5 ஹெக்டேருக்குள் என்றால் பி வகுப்பு. உங்கள் 7 ஏக்கர் ஏறத்தாழ 2.8 ஹெக்டேர், ஆகவே பி. அந்த வகுப்பில் விவசாயத்துக்கு நியாயமாகத் தேவைப்படும் கெட்டித் தளம் போடலாம் என்று நேராகவே எழுதியிருக்கிறது. 300 சதுர மீட்டர் அளவு பிரச்சினையே இல்லை. ஆனால் 90 மீட்டருக்குள் கடந்த 2 ஆண்டில் கட்டியவற்றின் பரப்பையும் இதோடு கூட்டித்தான் பரப்பு வரம்பைப் பார்ப்பார்கள். கூடாரம் புதிது என்றால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

நீங்கள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் வேறு. ஏ, பி, சி என்று வகைப்படுத்திய ரோட்டின் தார் விளிம்பிலிருந்து 25 மீட்டருக்குள் தளத்தின் ஒரு மூலை வந்தாலும் இந்தச் சலுகை கிடையாது. கிராமத்து ஒழுங்கைதானே என்று நினைக்காதீர்கள். சி வகை ரோடுகளுக்குப் பலகையில் எண் இருக்காது, ஆனால் அவையும் வகைப்படுத்தியவைதான். கவுன்ட்டி கவுன்சிலின் நெடுஞ்சாலைப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொன்று, காணி தொழிலாக நடக்க வேண்டும். பொழுதுபோக்குக்கு நாலு ஆடு கட்டி வைத்தால் இந்த ஆணைப்படி அது விவசாய நிலம் ஆகாது. கடைகளுக்குக் கொடுத்த பில், தீவன ரசீது, சிபிஎச் எண் (கால்நடை வைத்திருக்கும் காணிக்குக் கொடுக்கும் பதிவு எண்) எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.

மச்சானின் வானுக்கு இடம் கொடுக்க வேண்டாம். அது நிலப் பயன்பாட்டையே மாற்றுவது. தளம் விவசாயத்துக்கல்ல, வாகனத் தரிப்பிடம் என்று சொல்ல நீங்களே ஆதாரம் கொடுத்தது போல ஆகும்.

மழைக்காலம்:
இவ்வளவு யோசிக்காதீங்க. போட்டுட்டு சும்மா இருங்க. 4 வருஷம் ஓடிட்டா யாரும் ஒண்ணும் செய்ய முடியாது.

வரைபடம்:
அது பழைய கதை. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் இந்த மாதிரி வேலைகளுக்கும் 10 ஆண்டு. அத்தனை வருடமும் கல்லைத் தோண்டி எடுத்துப் புல் விதை என்று நோட்டீஸ் வரலாம். காணியை விற்கப் போனாலும் வாங்குபவரின் வழக்கறிஞர் இதைத்தான் முதலில் கேட்பார். தயவுசெய்து இப்படி ஆலோசனை சொல்லாதீர்கள், புதிதாகக் காணி வாங்கியவர்கள் நம்பிவிடுவார்கள்.

ஆட்டுப்பட்டி:
கல் விஷயத்துக்கு வருகிறேன் அண்ணா. வீடு இடித்த கல் சட்டத்தின் கண்ணில் கழிவு. தொழிலுக்குத் தேவையான தளத்துக்கு அதைப் பயன்படுத்தலாம், ஆனால் முதல் லொறி வருவதற்கு முன்பே சுற்றுச்சூழல் முகமையில் யூ1 விலக்கு, அதாவது கழிவைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தத் தனி உரிமம் தேவையில்லை என்ற விலக்கு, பதிவு செய்ய வேண்டும். கொண்டுவருபவருக்குக் கழிவு ஏற்றும் பதிவு உண்டா என்று முகமையின் பொதுப் பதிவேட்டில் பார்க்கலாம். ஒவ்வொரு லொறிக்கும் கழிவு கைமாறியதற்கான சீட்டு வாங்கி வையுங்கள்.

இலவசக் கல் என்றால் எனக்குப் பயம்தான். எங்கள் பட்டியில் கொட்டியதைக் காலால் கிளறினேன். செங்கல்லோடு ஜிப்சம் பலகைத் துண்டு, நீல வயர், வளைந்த சாம்பல் நிறக் கூரைத் தகடு ஒன்று. அந்த மாதிரிப் பழைய தகட்டில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கலாம், இடித்துப் பொடியாக்கினால் ஆடும் மனிதரும் சுவாசிக்க வேண்டிவரும். கொட்டியவரையே திருப்பி ஏற்றிப் போகச் சொன்னேன். அப்புறம் காசு கொடுத்துச் சலித்த கல்தான் எடுத்தேன்.

களிமண்ணுக்கு முறை இது: மேல்மண்ணை ஒரு சாண் அளவு வழித்து அதே வயலில் போடுங்கள். அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி கட்டாயம், இல்லாவிட்டால் இரண்டு மாரியில் கல் எல்லாம் களிக்குள் போய்விடும். அதன் மேல் 150 மில்லிமீட்டர் பெரிய உடைகல், மேலே 50 மில்லிமீட்டர் டைப் 1 (தூளும் சிறு கல்லும் கலந்த, இறுகும் உடைகல்), படை படையாக ரோலர் போட வேண்டும். 40 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு வையுங்கள், தண்ணீர் ரோட்டுப் பக்கம் ஓடக் கூடாது. உங்கள் 300 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 130 டன் போகும். கோடையிலேயே முடித்துவிடுங்கள்.

படலைக்காரன்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. நெடுஞ்சாலைப் பிரிவில் கேட்டேன், சி ரோடுதானாம். படலையிலிருந்து தார் விளிம்புக்கு 4 மீட்டர்தான். தளத்தை 30 மீட்டர் தள்ளி உள்ளே போட்டால் சரியா? படலையிலிருந்து அங்கே போகிற சேற்றுத் தடத்தில் கொஞ்சம் கல் போடலாம்தானே?

வரைபடம்:
தளம் சரி. தடம்தான் சிக்கல். பி வகுப்பில் தனி வழி போடவும் இடமுண்டு, ஆனால் அதே 25 மீட்டர் விதி அதற்கும் உண்டு. புல்லில் சில்லு பதிந்த தடத்துக்குப் புதிதாகக் கல் போடுவது பராமரிப்பு ஆகாது. உங்களுக்கு அந்த முதல் 25 மீட்டர்தான் அதிகம் தேவை, ஆகவே தளம், தடம் இரண்டையும் சேர்த்து முழு விண்ணப்பம் போடுங்கள். சட்டப்படி 8 வாரத்தில் முடிவு வர வேண்டும்.

விண்ணப்பம் போடுவதென்றால் படலையையும் ட்ரெய்லரோடு உழவு இயந்திரம் முழுதாக ரோட்டை விட்டு ஒதுங்கி நிற்கும் அளவுக்கு உள்ளே தள்ளி வரையுங்கள். நெடுஞ்சாலைக்காரர் பெரும்பாலும் அதைத்தான் பார்ப்பார்கள். ரோட்டோரப் புல்லில் கை வைப்பதற்கு அவர்களிடம் தனி அனுமதி வேண்டும், பிளானிங் கிடைத்தாலும் அது தானாக வராது. காணி முன்பு பெரிய வயலிலிருந்து துண்டு துண்டாக விற்றதா என்றும் பாருங்கள். அப்படிப் பிரித்த வயல்களில் சில கவுன்சில்கள் 4ஆம் பிரிவு உத்தரவு போட்டுச் சலுகைகளை எடுத்துவிடுகின்றன. பத்திரத்தோடு கவுன்சில் இணையதளத்தையும் பார்த்துவிட்டு எழுதுங்கள், வரைபடத்தை நான் பார்த்துச் சொல்கிறேன்.