ரெண்டாம் கியர் மட்டும் கரகரங்குது: ஆயில் மாத்தினா போதுமா?

காட்பாடிக்காரன்:
பெட்ரோல் கார், மேனுவல் கியர், 82,000 கி.மீ. ஏலகிரி கொண்டை ஊசி வளைவுல மூணுலேர்ந்து ரெண்டுக்கு இறக்கினா 'கர்ர்'னு சத்தம். மத்த கியர் சுத்தமா விழுது. கியர் ஆயில் இதுவரை மாத்தலை. கியர் பாக்ஸை இறக்கணுமாண்ணா?

ராணிப்பேட்டை கியர்:
முதல்ல கிளட்ச் பாருங்க தம்பி. வண்டி நிக்கும்போது கிளட்சை முழுசா மிதிச்சு, 5 விநாடி விட்டு ரிவர்ஸ் போடுங்க. அதுவும் கரகரத்தா, கிளட்ச் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் முழுசா பிரிக்கலைன்னு அர்த்தம். பாக்ஸ் மேல பழி போடாதீங்க. ரிவர்ஸ் சத்தமில்லாம விழுந்தா ரெண்டாம் கியர் சிங்க்ரோ ரிங் (கியர் விழறதுக்கு முன்னாடி உராய்ஞ்சு வேகத்தைச் சமமாக்குற வளையம்) தேஞ்சிருக்கும்.

ஆயில், வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கிற கிரேடுதான். ஜிஎல்-4னு (கியர் ஆயில் தரக் குறியீடு) கேட்டிருந்தா, கடையில ஜிஎல்-5 கொடுத்தாலும் வாங்காதீங்க. சிங்க்ரோ பிடிக்க உராய்வு வேணும், ஜிஎல்-5ல வழுக்கல் அதிகம். அதோட கந்தகச் சேர்மானம் பித்தளை ரிங்கை அரிக்கலாம்.

ஆம்பூர் ஸ்பேனர்:
10 கி.மீ. ஓட்டி ஆயில் சூடானதும், வண்டியைச் சமமா நிறுத்தி பாக்ஸ்ல ஆயில் ஊத்துற மேல் போல்ட்டை முதல்ல கழட்டுங்க. அது இறுகிக் கிடக்கும்போது ஆயில் வடிக்கிற கீழ் போல்ட்டைத் திறந்துட்டா, ஊத்த வழியில்லாம வண்டி அங்கேயே நிக்கும். கீழ் போல்ட் காந்தத்துல சாம்பல் நிறக் களிம்பு சகஜம். விரல்ல நெருடுற இரும்புத் துணுக்கு வந்தா பாக்ஸை இறக்கித்தான் ஆகணும். புது வாஷர் போட்டு, மேல் துளை விளிம்புல வழியற வரை ஊத்துங்க. சின்ன கார்னா 2 லிட்டர் கிட்ட பிடிக்கும்.

காட்பாடிக்காரன்:
ரிவர்ஸ் சத்தமே இல்லண்ணா.

ராணிப்பேட்டை கியர்:
அப்போ சிங்க்ரோதான். புது ஆயில் சத்தத்தைக் குறைக்கலாம், தேஞ்ச ரிங் வளராது. அதுவரை மலையில வேகம் நல்லா இறங்கின பிறகு ரெண்டு போடுங்க, லீவரை அடிச்சுத் தள்ளாதீங்க.